போடவில்லை என்று எழுதச் சொன்ன லில்லி

வாக்கு இயந்திரத்தில் இந்த முறை கடைசியாக ஒரு பட்டன் சேர்ந்திருக்கிறது. மேலே உள்ள யாரும் வேண்டாம் என்பவர்கள் அதை அழுத்தலாம். செய்தி வந்த அன்றே சுகன்யா போன் செய்தாள். என் பழைய அலுவலகத்தில் எனக்குப் பின்னால் சேர்ந்தவள், ஈரோட்டுப் பெண். முதன்முறையாக அவளுக்குத் தேர்தல் பணி ஆணை வந்திருந்தது.

"அக்கா, இந்த பட்டன் வர்றதுக்கு முன்னாடி, யாருக்கும் போட வேண்டாம்னு நெனச்சவங்க என்ன பண்ணுவாங்க?"

"வீட்டுலயே இருப்பாங்க."

"அது சரி. பூத்துக்கு வந்து சொல்லணும்னா?"

"சொல்லலாம். எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லணும்."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்து, "என்னக்கா நடந்துச்சு? எழுதியே குடுங்க, எங்க பேட்ச்ல எல்லாரும் படிப்போம்" என்றாள். அவளுக்காகவும் அவளுடைய பேட்ச்சுக்காகவும் எழுதுகிறேன்.

முப்பத்து நாலு வயதில் ஓய்வு பெற்றவள் நான். எங்கள் அரசு நிறுவனம் ஆட்களைக் குறைத்தபோது பத்து வருடம் முடித்தவர்களுக்கு விருப்ப ஓய்வு என்றார்கள். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அப்பா செகந்திராபாத் ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். நான் மின்னணுப் பொறியியல் படித்து, எல்லோரையும் போல அமீர்பேட்டில் ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸும் முடித்தேன். கூடப் படித்தவர்கள் சாஃப்ட்வேர் கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்களுக்குப் போனார்கள். நான் நேர்முகத் தேர்வில் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும் பழக்கத்தால் அரசு வேலைக்கு வந்து சேர்ந்தேன். அந்த வேலையோடு கூட வந்ததுதான் தேர்தல் பணி. முதலில் விரலில் மை வைத்தேன். பிறகு பட்டியலில் பெயர் தேடினேன். பிறகு ஒரு நாள் ஆணையில் என் பெயருக்கு எதிரே 'வாக்குச்சாவடித் தலைமை அலுவலர்' என்று இருந்தது.

அந்த ஆணை ஓர் இடைத்தேர்தலுக்கானது. தொகுதி செகந்திராபாத் பக்கம். சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர் கட்சி மாறி, பதவியை ராஜினாமா செய்து, அதே இடத்துக்கு வேறு துண்டு போட்டுக்கொண்டு மறுபடி நின்றார். அதற்கு முந்தைய தேர்தலில் அவர் தோளில் இருந்தது இன்னொரு துண்டு. எதிரே நின்றவரும் அப்படித்தான், போன முறை இவருடைய கட்சியில் இருந்தவர். இரண்டு பேரின் சுவரொட்டிகளையும் ஒரே சுவரில் பார்த்தால், இடம் மாறி ஒட்டிவிட்டார்களோ என்று தோன்றும்.

மூன்றாவதாக ஒரு புதுக் கட்சி. பழையவர்கள் எல்லோரும் கெட்டுவிட்டார்கள், எங்களுக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்று கேட்ட கட்சி. குகட்பள்ளியில் நான் குடியிருந்த அபார்ட்மென்ட்டில் லிஃப்ட் கதவைத் திறந்தால் அவர்களுடைய நோட்டீஸ்தான். அதுவரை வாக்களிக்கும் நாளை விடுமுறையாக மட்டுமே பார்த்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் பதாகை பிடித்துக்கொண்டு சிக்னலில் நின்றார்கள். கட்டடத்தில் அதைப் பற்றிப் பேசாதவர்கள் நானும் வாட்ச்மேனும்தான். எனக்கு அரசு ஊழியர் விதி. அவருடைய காரணம் எனக்குத் தெரியாது.

பயிற்சி வகுப்பை நடத்தியவர் பிரபாகர் சார். நீர்ப்பாசனத் துறைப் பொறியாளர். எங்கள் பகுதிச் சாவடிகளுக்கு மண்டல அலுவலரும் அவர்தான். குரலை உயர்த்த மாட்டார். சந்தேகம் கேட்டால் பதில் சொல்லவும் மாட்டார். கையேட்டை எடுக்கச் சொல்வார், பக்கம் தேடச் சொல்வார், எழுந்து நின்று சத்தமாகப் படிக்கச் சொல்வார். படித்து முடித்ததும், "புரிஞ்சுதா?" என்பார். புரியவில்லை என்றால், "இன்னொரு தடவை." இடைவேளையில் வேர்க்கடலையைத் தோல் நீக்கி, தோலை ஒரு காகிதத்திலும் பருப்பை இன்னொன்றிலும் சேர்த்துவிட்டு, எல்லாம் முடிந்த பிறகுதான் சாப்பிடுவார். பின்வரிசையில் அவரை 'ஸ்பீக்கர்' என்று கேலி செய்தோம். தான் பேசாமல் மற்றவர்களைப் பேச வைப்பதால்.

அவர் என்னைப் படிக்க வைத்தது விதி 49-ஓ. சாவடிக்குள் வந்து, பதிவேட்டில் கையெழுத்திட்டு, மையும் வைத்த பிறகு ஒருவர் வாக்களிக்க மாட்டேன் என்றால் தலைமை அலுவலர் செய்ய வேண்டியது: பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே குறிப்பு எழுதுவது, அதன் பக்கத்தில் அவருடைய கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவது.

"சார், கட்சி ஏஜென்ட்டுகள் எதிரேயே உட்கார்ந்திருப்பாங்களே. ஓட்டு ரகசியம், போடாதது மட்டும் ரகசியம் இல்லையா?" என்று கேட்டேன்.

"அது கையேட்டில் இருக்கா?"

"இல்ல சார்."

"அப்போ நாமும் கேக்க முடியாது" என்றார். சொல்லிவிட்டுச் சற்று நேரம் கடலையைத் தொடாமல் இருந்தார்.

சாவடி, ரயில்வே குடியிருப்புகளை ஒட்டிய ஒரு பள்ளிக்கூடம். அப்பா வேலை பார்த்த இடத்துக்குப் பக்கம் என்பதால் பேச்சு எனக்குப் பழகியது. தமிழும் தெலுங்கும் தக்கனி உருதும் ஒரே வாக்கியத்தில் வரும். காலையில் ஏஜென்ட்டுகள் முன்னால் மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, அந்த வாக்குகளை அழித்து, முத்திரை வைத்தோம். ராஜினாமா செய்து மறுபடி நின்றவருக்கு ஏஜென்ட் அந்தோணி. ஐம்பது வயது இருக்கும், வெள்ளைச் சட்டை, காதில் பேனா. தெருவில் யாருக்கு என்ன வேண்டுமென்றாலும் அவரிடம்தான் போவார்கள் என்பது, வருகிறவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்துத் தலையசைத்ததிலேயே தெரிந்தது. தலைவர் கட்சி மாறும்போதெல்லாம் அந்தோணியும் மாறியிருந்தார். புதுக் கட்சிக்கு வினய், சாஃப்ட்வேர்க்காரன், அந்தப் பகுதி அபார்ட்மென்ட்டில் இருப்பவன். அன்று லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். இன்னொரு பெரிய கட்சியின் ஏஜென்ட் பெரும்பாலும் தூங்கினார்.

வேலை ஒரு சங்கிலி போல ஓடும். முதல் அலுவலர் பட்டியலில் பெயரைப் பார்த்து உரக்கப் படிப்பார். ஏஜென்ட்டுகள் தங்கள் பிரதியில் டிக் அடிப்பார்கள். இரண்டாமவர் கையெழுத்து வாங்கி, மை வைத்து, சீட்டுக் கொடுப்பார். மூன்றாமவர் யாதகிரி, சுகாதாரத் துறைக் கிளார்க், சீட்டை வாங்கிக்கொண்டு கட்டுப்பாட்டுப் பெட்டியில் பட்டனை அழுத்துவார். சிவப்பு விளக்கு எரியும். அட்டை மறைப்புக்குப் பின்னால் வாக்காளர் போய்த் தன் பட்டனை அழுத்தினால் நீளமாக ஒரு 'பீப்'. விளக்கு அணையும். அடுத்தவர்.

பதினோரு மணி வாக்கில் சங்கிலி நின்றது.

"க்யா மேடம், ஆவாஜ் ஆயீச் நை" என்றார் யாதகிரி. சத்தம் வரவில்லை, விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் வெளியே வந்தார். நாற்பது வயதுக்குள். மாதாபூர் கட்டடங்களில் துப்புரவு வேலை செய்கிறவர்கள் போடும் நீல மேல்சட்டையைக் கழற்றாமலே வந்திருந்தார்.

"அம்மா, பட்டன் அழுத்தலியா?" என்றேன்.

"இல்லங்க மேடம். நான் யாருக்கும் போடல. போடலன்னு எழுதணுமாமே? அத எழுதிக்குங்க."

அந்தோணி எழுந்துவிட்டார். "லில்லி! என்ன இது? கைக்கு தமாஷா, எதுக்கு இதெல்லாம்?" என்னிடம் திரும்பினார். "என் தம்பி சம்சாரம் மேடம். மெஷின் தெரியாது. நான் கூடப் போய் காட்டிட்டு வந்துர்றேன்."

"கண் தெரியாதவங்களுக்கும் உடம்பு முடியாதவங்களுக்கும்தான் துணை."

"நேத்து ஃபுல்லா ஜுரம் மேடம் அவளுக்கு."

"இன்னிக்கு நடந்துதானே வந்திருக்காங்க. நீங்க உட்காருங்க."

"நாலு மாடி துடைக்கிற மெஷினே எனக்குத் தெரியும் மாமா" என்றார் லில்லி. "இதுல பட்டன்தானே இருக்கு."

வரிசையில் சிரிப்பு எழுந்தது. அந்தோணி உட்காரவில்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "வீட்டுக்கு வா. பேசிக்கலாம்."

நான் லில்லியைப் பதிவேட்டு மேசைக்கு மறுபக்கம் அழைத்து உட்கார வைத்தேன். அவர் என்னிடம் மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"போன தடவ நான் வரல மேடம். டூட்டி முடிஞ்சு வந்து படுத்துட்டேன். சாயங்காலம் மாமா வந்து சொல்றாரு, உன் ஓட்டும் விழுந்துருச்சு, நிம்மதியா தூங்குன்னு. எப்பிடி விழுந்துச்சு? நான்தான் போகவே இல்லையே. அதான் வந்தேன். வீட்டுல இருந்தா எடுத்துக்குறாங்க. இங்க வந்து எழுதிட்டுப் போனா எடுக்க முடியாதுல்ல?"

"புகார் குடுக்குறீங்களா?"

"அதெல்லாம் வேணாம். பையனுக்கு ஜுரம்னா ஆட்டோ புடிச்சுட்டு வர்றவரு அவருதான். எங்க வீட்டுக்காரர் போன அப்புறம் பின்னாடி ரூமக் குடுத்து வெச்சிருக்கறவரும் அவருதான். நல்லவருதான். அதுக்காக என் கையையும் அவருக்கே குடுக்கணுமா?"

இதற்கு என்னிடம் ஒரு நடைமுறை மட்டும் இருந்தது. நான் பிரபாகர் சாருக்குப் போன் செய்தேன். பட்டன் கொடுத்த பிறகு வாக்காளர் போடாமல் திரும்பி வந்துவிட்டார் என்றேன்.

"பக்கம் எடுங்க."

"சார், எனக்குத் தெரியும் சார். நீங்கதான்..."

"தெரிஞ்சா எதுக்கு போன்? படிங்க. சத்தமா."

எழுந்து நின்று படித்தேன். ஆங்கிலத்தில் ஒரு முறை. "தெலுங்குல?" என்றது போன். தெலுங்கிலும் சொன்னேன். வாக்களிக்க மறுப்பது வாக்காளரின் விருப்பம் என்ற இடம் வந்தபோது அந்தோணி உட்கார்ந்தார். தூங்கிக்கொண்டிருந்த ஏஜென்ட் விழித்தார். வகுப்பில் எரிச்சலாக இருந்த பழக்கம் அந்த அறையில் என்ன செய்கிறது என்று பார்த்தேன். நான் சொன்னால் அது என் பேச்சு, வாதாடலாம். படித்தால் அது யாருடைய பேச்சும் இல்லை.

"எழுதறதுக்கு முன்னாடி அந்தம்மாவை ஒரு தடவை கேளுங்க" என்றார் சார். "ரெண்டு தடவை கேட்டா அது வற்புறுத்தல்." போனை வைத்துவிட்டார்.

ஒரு தடவை கேட்டேன். எப்படிக் கேட்பது என்று கையேட்டில் இல்லை. "லில்லி அம்மா, அந்த அட்டைக்குப் பின்னாடி நீங்க எத அழுத்துனாலும் எங்க யாருக்கும் தெரியாது. உங்க மாமாவுக்கும் தெரியாது. இங்க எழுதுனா எல்லாருக்கும் தெரியும். நீங்க திரும்பிப் போறது அந்த ரூமுக்குத்தான். யோசிச்சுச் சொல்லுங்க."

எனக்கே கேட்க ஒரு மாதிரி இருந்தது. யாரையாவது ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் அரசாங்கம் உங்களைக் காப்பாற்றும், யாரையும் தேர்ந்தெடுக்காவிட்டால் காப்பாற்றாது என்பதைத்தான் நான் மரியாதையாகச் சொல்லியிருந்தேன்.

அவர் யோசிப்பதற்குள் வினய் எழுந்துவிட்டான். "ஆன்ட்டி, ஒன் மினிட். எங்க பார்ட்டி புதுசு. இவங்க யாரும் வேண்டாம்னுதான் நாங்களும்..."

"வினய், உட்காருங்க. உள்ளே பிரச்சாரம் கூடாது."

லில்லி அவனைப் பார்த்துச் சிரித்தார். "தம்பி, எங்க தெருவுக்கு வந்தியே, நீதானே? இங்கிலீஷ்ல நோட்டீஸ் குடுத்துட்டு, மிச்சம் வெப்சைட்ல இருக்கு, செல்லுல பாருங்கன்னு சொன்ன. என் செல்லுல பேச மட்டும்தான் வரும். வேற பேச்சு ஏதாச்சும் இருந்தா அடுத்த தடவ வா. கேக்குறேன்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "எழுதுங்க மேடம்."

'வாக்களிக்க மறுத்தார்' என்று எழுதினேன். பக்கத்தில் அவர் தமிழில், ஒவ்வொரு எழுத்தாக, லில்லி புஷ்பம் என்று கையெழுத்திட்டார். போகும்போது அந்தோணியிடம், "வர்றேன் மாமா" என்றார், ஒவ்வொரு நாளும் சொல்வது போல. அந்தோணி காதிலிருந்த பேனாவை எடுத்துத் தன் பிரதியில் ஏதோ குறித்துக்கொண்டார்.

சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. விதிப்படி அடுத்தவரை நேராக உள்ளே அனுப்ப வேண்டும். பட்டன் திரும்ப அழுத்தக் கூடாது. அடுத்தவர் பணிமனையில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர்.

"இவரு பட்டன் அமுக்கலியே?" என்று யாதகிரியைக் காட்டி என்னிடம் கேட்டார்.

"முன்னாடி கொடுத்தது அப்படியே இருக்குங்க. நீங்க போய்ப் போடலாம்."

"அந்தம்மா விட்டுட்டுப் போன ஓட்டா? எச்சில் ஓட்டையா நான் போடணும்?"

"தொடவே இல்ல தாத்தா" என்றேன்.

"ஏக்தம் ஃப்ரெஷ் ஹை தாதா" என்றார் யாதகிரி.

பெரியவர் சந்தேகத்தோடு உள்ளே போனார். 'பீப்' கேட்டதும் அறை முழுவதும் மூச்சு விட்டது.

சுகன்யா, கஷ்டமான பகுதி இதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் செய்தி வரிசையின் வால் வரைக்கும் போயிருந்தது. "லில்லி பண்ணது எனக்கும் பண்ணுங்க" என்று கேட்கிறவர்கள் வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவருக்கும் நான் அதே கேள்வியை ஒரே ஒரு தடவை கேட்டேன். சிலர் எழுதச் சொன்னார்கள். ஒருவர் தன் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டு வந்திருந்தார். அதையும் பதிவேட்டோடு சேர்த்து முத்திரை வைக்க முடியுமா என்று கேட்டார். கல்லூரிப் பெண் ஒருத்தி கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துவிட்டு, அந்தோணியின் கையில் இருந்த பேனாவைப் பார்த்தாள். "நக்கோ மேடம்", வேண்டாம் என்றுவிட்டு மறைப்புக்குப் பின்னால் போனாள். 'பீப்' வந்தது. எதற்கு வந்தது என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. அன்று முழுவதும் என்னால் நிலையாக உட்கார முடியவில்லை. கேள்வியைக் கேட்டு அவர்களைப் பயமுறுத்துகிறேனா, கேட்காவிட்டால் ஏமாற்றுகிறேனா என்று ஒவ்வொரு முறையும் தோன்றியது.

மதியம் கூட்டம் குறைந்தபோது வினய் தன் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு சாப்பிடாமல் இருந்தான்.

"மேடம், நீங்க அபிப்பிராயம் சொல்லக் கூடாது, தெரியும். ஆனா இவங்களுக்காகத்தான் கட்சியே ஆரம்பிச்சோம். கோபம் இருக்கு. அந்தக் கோபம் எங்களுக்கு ஓட்டா ஏன் வரமாட்டேங்குது?"

பதில் சொன்னவர் அந்தோணி. கேலியாகத்தான் ஆரம்பித்தார். "நீ எந்த வீட்டுல எத்தன பேருன்னு சொல்லு பாக்கலாம்."

"லிஸ்ட்ல இருக்கு அங்கிள்."

"லிஸ்ட்ட மூடி வெச்சுட்டு சொல்லு." வினய் லிஸ்ட்டை மூடினான். "எனக்குத் தெரியும். யார் வீட்டுல யாருக்கு டயாலிசிஸ், யார் வீட்டுல கல்யாணம் நின்னு போச்சு, எல்லாம் தெரியும்." பிறகு வேறு குரலில் சொன்னார்: "தெரிஞ்சும் இன்னிக்கு என் வீடே போச்சு. நீ சாப்புடு."

மாலையில் வாக்குப்பதிவு முடிந்து, இயந்திரத்தை மூடி, கணக்குப் படிவத்தை நிரப்பினேன். பதிவேட்டில் உள்ளவர்கள், மறுத்தவர்கள், பதிவான வாக்குகள். இவை ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும், பொருந்தின. ஏஜென்ட்டுகளுக்கு ஆளுக்கொரு பிரதி. அந்தோணி தன் பிரதியை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"மேடம், மறுத்தவங்கன்னு நம்பர் மட்டும்தான் இருக்கு. பேரு வராதா?"

"பேர் பதிவேட்டுல. அது சீல் ஆகிப் போயிடும்."

"வெளிய யாரும் பாக்க மாட்டாங்க?"

"கோர்ட் கேட்டாத்தான்."

அவர் முகத்தில் காலையிலிருந்து இல்லாத நிம்மதி வந்தது. பிரதியை மடித்து மேல் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டு வெளியே போனார்.

இயந்திரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாங்கள் பஸ்ஸுக்கு வந்தபோது பள்ளிக்கூட வாசலுக்குச் சற்றுத் தள்ளி கட்சிக்காரர்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். தெருவின் பாதி அங்கேதான் இருந்தது. நடுவில் அந்தோணி, போனில், எல்லோரும் கேட்கும் குரலில் தலைவருக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். எந்தச் சந்தில் எவ்வளவு, எந்த வரிசையில் எவ்வளவு. தமிழிலேயே பேசினார், மறுமுனையிலும் தமிழர்தான் போலிருக்கிறது.

"நம்ம வீடா? நம்ம வீட்டப் பத்தி என்னண்ணா கேள்வி? நாலும் நமக்குத்தான். நாலும் விழுந்துருச்சு."

தெருவிளக்குக் கம்பத்தின் பக்கத்தில், மகனைக் கையில் பிடித்துக்கொண்டு லில்லி நின்றிருந்தார். காலையில் போட்டிருந்த நீலச் சட்டை இப்போது இல்லை. அவர் எனக்காக நின்றாரா, மாமாவுக்காக நின்றாரா தெரியாது. அவர் சும்மா இருந்திருந்தால் அன்று இரவு அந்தப் பின்னறையில் எதுவும் மாறியிருக்காது. அந்தோணி அவருக்கு அந்த வழியைத் திறந்து கொடுத்திருந்தார் என்றுகூடச் சொல்லலாம். வீட்டுக் கணக்கில் அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டுவிட்டார்.

"மூணு, மாமா" என்றார் லில்லி.

சண்டைக் குரல் இல்லை. கடையில் எண்ணிக்கை தவறினால் சொல்வது போலத்தான் சொன்னார். அந்தோணி திரும்பிப் பார்த்தார். கூட்டமும் திரும்பியது.

"மூணுதான் விழுந்துச்சு. என்னோடது விழல. சரியா சொல்லிருங்க."

அந்தோணி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை, பேசவும் இல்லை. மறுமுனையில் யாரோ "ஹலோ, அந்தோணி, ஹலோ" என்று கத்துவது எங்களுக்கே கேட்டது. யாதகிரி பெட்டியைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டார். ஏறி உட்கார்ந்தேன். பஸ் திரும்பும்போது ஜன்னல் வழியாகக் கடைசியாகப் பார்த்தது: அந்தோணி ஒவ்வொன்றாக மூன்று விரல்களை மடக்கி, போனிடம் எதையோ மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.